போன் பூட்டு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

உங்கள் போனும் அதைத் திறக்கும் எண்ணும் சேர்ந்து வேறொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்துப் பாருங்கள். முதலில் செட்டிங்ஸைத் திறப்பார். அங்கே உங்கள் கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ ஏற்கெனவே உள்ளே நுழைந்த நிலையில்தான் இருக்கும். அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுவார். பல போன்களில் அதற்கு அந்தப் பூட்டு எண்ணே போதும். அடுத்தது மின்னஞ்சல். அதற்குப் பெரும்பாலும் தனிப் பூட்டு கிடையாது. பிறகு வங்கி ஆப்பைத் திறந்து 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்துவார். புதுக் கடவுச்சொல் போடுவதற்கான இணைப்பு அதே மின்னஞ்சலுக்கு வரும். ஓடிபி அதே போனுக்கு வரும். நடுவில் உங்கள் பெயரில் நாலு பேருக்கு 'அவசரமாகக் கொஞ்சம் பணம் வேண்டும்' என்று வாட்ஸ்அப் செய்தியும் போய்விடும். மொத்தமும் கால் மணி நேர வேலை.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் மது விடுதிகளில் ஒருவர் ஐபோனில் எண்ணைத் தட்டுவதைப் பக்கத்திலிருந்து கவனித்து வைத்துக்கொண்டு, பிறகு போனைத் திருடிக் கணக்கு முழுவதையும் துடைத்தெடுத்த கும்பல்களைப் பற்றி 2023 தொடக்கத்தில் செய்திகள் வந்தன. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024 ஜனவரியில் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 17.3-ல் ஆப்பிள் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' என்ற வசதியைச் சேர்த்தது.

ஆகவே எல்லாப் பாதுகாப்பு வேலையையும் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டும் என்று மலைக்காதீர்கள். மூன்று இடங்களைச் சரிசெய்தால் பெரும்பகுதி முடிந்தது: போனின் பூட்டு எண், மின்னஞ்சல் கணக்கு, சிம் கார்டு. மற்ற எல்லாக் கணக்குகளும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் மீட்கப்படுகின்றன. அதே வழியில்தான் பறிபோகவும் செய்கின்றன. இங்கே நான் அந்த வரிசையிலேயே போகிறேன்.

பூட்டு எண்

நான்கு இலக்க எண் என்றால் 10,000 விதமாகத்தான் அமைக்க முடியும். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். தப்பாகப் போடப் போட, அடுத்த முயற்சிக்குப் போன் உங்களைக் காத்திருக்க வைக்கும். அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். அதனால் ஒன்றிலிருந்து தொடங்கி எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்க யாராலும் ஆகாது. வேறு இரண்டு வழிகளில்தான் எண் போகும். ஒன்று, உங்களைத் தெரிந்தவர் ஊகிப்பது. இரண்டு, நீங்கள் தட்டும்போது யாராவது பார்ப்பது.

ஊகத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஆறு இலக்கம் என்றதும் பலரும் தேதி, மாதம், ஆண்டு என்று பிறந்த நாளைப் போட்டுவிடுகிறார்கள். நூறு ஆண்டுகளில் மொத்தம் இருப்பதே ஏறத்தாழ 36,500 தேதிகள்தான். பத்து லட்சமாக இருந்த வாய்ப்பு அங்கேயே முப்பத்தாறாயிரமாகச் சுருங்கிவிட்டது. உங்கள் வீட்டைத் தெரிந்தவருக்கோ அது பத்துத் தேதிகூட இல்லை: உங்களுடையது, துணையுடையது, குழந்தைகளுடையது, கல்யாண நாள். வண்டி நம்பர், போன் நம்பரின் கடைசி இலக்கங்கள், 123456, ஒரே எண்ணை ஆறு முறை தட்டுவது, நடு வரிசையை மேலிருந்து கீழாக இழுப்பது எல்லாம் இதே ரகம்.

நல்ல எண்ணை எப்படிப் பிடிப்பது? மூளையைக் கேட்டால் அது திரும்பத் திரும்ப ஏதாவது ஒரு தேதியைத்தான் கொடுக்கும். கைக்கு வந்த தடிமனான புத்தகத்தை எடுத்து, பார்க்காமல் மூன்று இடத்தில் பிரியுங்கள். ஒவ்வொரு முறையும் பக்க எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு இலக்கம் வந்துவிட்டது. ஏதோ ஒரு தேதியைப் போலத் தெரிந்தால் மறுபடி பிரியுங்கள்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி' அல்லது 'லாக் ஸ்கிரீன்' என்ற பகுதிக்குள் 'ஸ்கிரீன் லாக்' இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் இடமும் மாறும். தேடி அலைவதைவிட, செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'லாக்' என்று தட்டினால் நேரே கொண்டுபோய் விடும். ஐபோனில் 'ஃபேஸ் ஐடி மற்றும் பாஸ்கோட்', பழைய மாடல் என்றால் 'டச் ஐடி மற்றும் பாஸ்கோட்'. 2015-ல் வந்த ஐஓஎஸ் 9 முதல் ஐபோன் ஆறு இலக்கத்தையே கேட்கிறது. நான்கு இலக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பழைய போனிலிருந்து அந்த எண்ணையே கூட்டிக்கொண்டு வந்தவர்கள்.

புது எண்ணைக் காலையில் மாற்றுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் மாற்றினால் விடிந்ததும் மறந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் கைரேகையை ஒதுக்கிவிட்டு எண்ணையே தட்டிப் பழகுங்கள், விரலுக்கே மனப்பாடம் ஆகிவிடும். மறக்கும் பயம் இருந்தால் ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைக்கலாம். தாளில் எழுதக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே பலரை 1234-க்குத் தள்ளிவிட்டோம் என்பது என் எண்ணம். வீட்டு அலமாரிக்குள் இருக்கும் தாளை இணையத் திருடன் படிக்க முடியாது. போன் உறைக்குள் மட்டும் அந்தத் தாளைச் செருகி வைக்காதீர்கள்.

இந்த எண் திரையைத் திறப்பதோடு நிற்பதில்லை. இன்றைய போன்களில் உள்ள படங்கள், செய்திகள் எல்லாமே சங்கேதமாக மாற்றித்தான் சேமிக்கப்படுகின்றன. அவற்றைத் திரும்பப் படிக்கும் திறவுகோல், உங்கள் பூட்டு எண்ணையும் போனின் சில்லுக்குள் புதைந்திருக்கும் ஒரு ரகசியத்தையும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. அணைத்துப் போட்ட போன் எண் கேட்காமல் கைரேகையை ஏற்காததற்குக் காரணம் இதுதான்: எண்ணைப் போடும்வரை உள்ளே இருப்பதைப் போனாலேயே படிக்க முடியாது. பூட்டே போடாத போனில் இந்தச் சங்கேதத்தால் ஒரு பயனும் இல்லை.

பேட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது புள்ளிகளில் வரையக்கூடிய வடிவங்கள் மொத்தம் 3,89,112. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில் பெரும்பாலானவர்கள் ஒரு மூலையில் தொடங்கி நாலைந்து புள்ளியில் முடித்துவிடுகிறார்கள். எண்ணைப் பார்த்து நினைவில் வைப்பதைவிடக் கோட்டைப் பார்த்து நினைவில் வைப்பது எளிது. போதாததற்கு, விரல் இழுத்த எண்ணெய்த் தடம் கண்ணாடியில் அப்படியே நிற்கும். அந்தத் தடத்தை வைத்தே பேட்டர்னைக் கண்டுபிடிக்கலாம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே காட்டிவிட்டார்கள். போனைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து நீங்களே பாருங்கள், தெரியும். என் பரிந்துரை, பேட்டர்னை விட்டுவிட்டு எண்ணுக்கு வந்துவிடுவது. மாட்டேன் என்றால், வரையும் கோட்டைத் திரையில் காட்டும் 'மேக் பேட்டர்ன் விசிபிள்' என்பதையாவது அணைத்துவிடுங்கள்.

கைரேகையும் முகமும்

'கைரேகை வேண்டாம், எண்தான் பாதுகாப்பு' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூட்டத்தில் நிற்கும்போது விரலை வைத்துத் திறந்தால் எண்ணை யாரும் பார்க்க வழியில்லை. மேலே சொன்ன இரண்டு வழிகளில் ஒன்று அடைபட்டுவிடுகிறது. எண் உள்ளே பலமாக இருக்கட்டும், அன்றாடம் திறப்பதற்கு விரல் இருக்கட்டும்.

முகத்தில் மட்டும் கவனம் தேவை. தற்செயலாக வேறொருவர் முகத்துக்கு ஃபேஸ் ஐடி திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றும், டச் ஐடிக்கு அது ஐம்பதாயிரத்தில் ஒன்று என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஃபேஸ் ஐடி முகத்தின் மேடு பள்ளத்தை அளக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் முன்பக்கக் கேமரா ஒன்றுதான். அது படத்தைத்தான் பார்க்கிறது. 2019-ல் நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பு 110 போன்களைச் சோதித்ததில் 42 போன்கள் உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியதும் திறந்துகொண்டன. உங்கள் போன் எந்த ரகம் என்று அறிய ஒரு குறுக்கு வழி: உங்கள் வங்கி ஆப் கைரேகையை ஏற்றுக்கொண்டு முகத்தை மறுக்கிறதா? அப்படியானால் போனின் முகப் பூட்டு பலவீனம் என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடலாம்.

யாருடைய விரல்கள் பதிவாகி இருக்கின்றன என்று இன்றே திறந்து பாருங்கள். எப்போதோ குழந்தை விளையாடுவதற்காகவோ, நண்பர் பாட்டு மாற்றுவதற்காகவோ சேர்த்த விரல் அங்கே இன்னும் இருக்கலாம். பெரும்பாலான ஆப்களுக்கு 'இது யார் விரல்' என்று தெரியாது. பதிவான விரல்களில் ஒன்றா என்பதை மட்டும் போனிடம் கேட்டுக்கொள்ளும். அதாவது பாட்டு மாற்றிய விரலுக்கு வங்கி ஆப்பும் திறக்கலாம். உங்கள் விரலைத் தவிர மற்றதை நீக்கிவிட்டு, உங்களுடையதில் இரண்டு கையிலும் ஒவ்வொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

திரைக்குள்ளேயே கைரேகை பதியும் போனில் புது ஸ்கிரீன் கார்டு ஒட்டினால், பழைய ரேகையை நீக்கிவிட்டு மறுபடி பதியுங்கள். பிறகு வீட்டில் வேறொருவர் விரலை வைத்து, திறக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். 2019 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்களில் சில சிலிக்கான் உறைகளை மாட்டினால் யார் விரலுக்கும் திறக்கும் குறை வெளிவந்து, கம்பெனி மென்பொருள் திருத்தம் அனுப்ப வேண்டி வந்தது.

தூங்கும்போது யாராவது உங்கள் விரலை எடுத்து வைத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு 9 முதல், பவர் பட்டனை அழுத்தும்போது வரும் பட்டியலில் 'லாக்டவுன்' இருக்கும். சில போன்களில் அதைச் செட்டிங்ஸில் ஒரு முறை இயக்கிவிட வேண்டும். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போதும். அதன் பிறகு எண்ணைப் போட்டால் மட்டுமே திறக்கும்.

பூட்டிய திரையில் கசிவது

பூட்டு பலமாக இருந்தும், பூட்டிய திரையின் மேலேயே ஓடிபி பளிச்சென்று வந்து நின்றால் என்ன பயன்? நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில், பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் 'சென்சிட்டிவ்' தகவலை மறை என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். ஐபோனில் 'ஷோ பிரிவியூஸ்' என்பதை 'வென் அன்லாக்டு' என்று வையுங்கள். யாரிடமிருந்து வந்தது என்பது தெரியும், என்ன வந்தது என்பது திறந்தால்தான் தெரியும்.

திரை தானாக அணையும் நேரத்தை 30 நொடிக்குக் குறையுங்கள். அணைந்ததும் உடனே பூட்டிக்கொள்கிறதா, சில நிமிடம் கழித்தா என்பது சில போன்களில் தனி செட்டிங். அதையும் 'உடனே' என்று வையுங்கள். 'ஸ்மார்ட் லாக்', 'எக்ஸ்டெண்ட் அன்லாக்' என்ற பெயரில், போன் உங்கள் உடம்போடு இருக்கும்வரை பூட்டாமல் வைத்திருக்கும் வசதி உண்டு. உங்கள் பையில் இருந்து எடுத்துக்கொண்டு நடக்கும் திருடனும் போனைப் பொறுத்தவரை ஓர் உடம்புதான். அணைத்துவிடுங்கள்.

போனைப் பறித்தவர் முதலில் செய்வது ஏரோபிளேன் மோடு போடுவது. இணையம் அறுந்தால் நீங்கள் தொலைவிலிருந்து பூட்டவோ துடைக்கவோ முடியாது. ஐபோனில், அந்தப் பட்டன் இருக்கும் கண்ட்ரோல் சென்டர் பூட்டிய நிலையில் திறக்காதபடி பாஸ்கோட் பக்கத்திலேயே அணைக்கலாம். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதற்கு இணையான செட்டிங் இருக்கிறது. அதோடு, ஆண்ட்ராய்டு 10-க்கு மேற்பட்ட போன்களுக்குக் கூகுள் 2024-ல் கொண்டுவந்த 'தெஃப்ட் புரொடெக்‌ஷன்' பகுதியைத் தேடி இயக்குங்கள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்தால் திரை தானாகவே பூட்டிக்கொள்ளும். ஐபோன்காரர்கள் முன்னே சொன்ன 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது இயங்கினால், வழக்கமில்லாத இடத்தில் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற எண் மட்டும் போதாது. முகமோ ரேகையோ வேண்டும், பிறகு ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் காட்ட வேண்டும்.

மின்னஞ்சல், மற்றக் கடவுச்சொற்கள்

கடவுச்சொல் விஷயத்தில் நம்மில் பலர் பயந்துகொண்டிருப்பது தப்பான ஆளைப் பார்த்து. யாரோ ஒரு ஹேக்கர் உட்கார்ந்து உங்கள் கடவுச்சொல்லை ஊகிக்கிறார் என்பது அபூர்வம். நடப்பது வேறு. ஏதோ ஒரு தளத்தில் எப்போதோ ஒரு கணக்குத் தொடங்கியிருப்பீர்கள். அந்தத் தளத்திலிருந்து மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் மொத்தமாகக் கசியும். கிடைத்த ஜோடியை மென்பொருளில் போட்டு, மின்னஞ்சல், வங்கி, கடை என்று எல்லா இடத்திலும் தானாகவே முயன்று பார்ப்பார்கள். 2009-ல் ராக்யூ என்ற கம்பெனியிலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் இப்படி வெளியே வந்தன. அவை சங்கேதம்கூடச் செய்யாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456.

ஆக, ஒரு கடவுச்சொல்லை எவ்வளவு சிக்கலாக வைத்தாலும் அதையே பத்து இடத்தில் போட்டால் வீண். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாது. மின்னஞ்சலுக்கு மட்டும் இன்று வேறெங்கும் இல்லாத ஒன்றை வையுங்கள். வங்கி அடுத்து. மற்றதெல்லாம் அந்தந்தக் கணக்கைத் திறக்கும்போது மாற்றிக்கொண்டு வந்தால் போதும்.

எப்படிப்பட்ட கடவுச்சொல்? பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து, அவ்வப்போது மாற்ற வேண்டும் என்ற பழைய விதி, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-ல் வெளியிட்ட ஆவணத்திலிருந்து பரவியது. அதை எழுதிய பில் பர் என்பவரே 2017-ல் அந்த அறிவுரைக்காக வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் விதியை மாற்றிக்கொண்டது: நீளம் முக்கியம், கசிந்ததற்கான அடையாளம் இல்லாதபோது காரணமின்றி மாற்றச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். ஆனால் பல தளங்கள் இன்னும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாமும் தலைவிதியே என்று ஒரு ஆச்சரியக்குறியைக் கடைசியில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நமக்குக் கைவசம் ஒரு வசதி உண்டு. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களை எடுத்துக் கோத்துவிடுங்கள்: குடை, எறும்பு, தபால், வெண்கலம், சறுக்கல் என்ற மாதிரி. இருபத்தைந்து முப்பது எழுத்து தாண்டிவிடும், நினைவிலும் நிற்கும். இதே ஐந்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், இது எல்லோரும் படிப்பது. மனப்பாடமான செய்யுள் அடி, பாட்டின் பல்லவி, பழமொழி எதுவும் கூடாது. சொற்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தால் ஊகிப்பதும் எளிதாகிவிடும். ஒரே சொல்லை நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி எழுத்துக்கூட்டும் பழக்கம் நமக்கு உண்டு, ஆகவே முதல் முறை எப்படித் தட்டினீர்களோ அதை எழுதி வையுங்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டியது இப்படி இரண்டு மூன்றுதான். மற்ற ஐம்பதையும் கடவுச்சொல் மேலாளரிடம் விட்டுவிடுங்கள். கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் போனோடு வருவது ஒன்று இருக்கிறது. பிட்வார்டன் போலத் தனியானவையும் உண்டு. அவை சீரற்ற கடவுச்சொல்லைத் தாமே உருவாக்கி, தாமே நினைவு வைத்து, தாமே நிரப்பும். போலித் தளத்தில் நிரப்பாது என்பது கூடுதல் லாபம்: முகவரி ஓர் எழுத்து பிசகினாலும் பேசாமல் இருக்கும். வழக்கமாக நிரம்பும் பெட்டி ஒரு நாள் நிரம்பாவிட்டால், நீங்களாகத் தட்டுவதற்கு முன் முகவரியைப் பாருங்கள்.

பலருடைய கடவுச்சொற்கள் உண்மையில் இருக்கும் இடங்கள் வேறு. நோட்ஸ் ஆப்பில் 'பாஸ்வேர்ட்ஸ்' என்ற தலைப்பில் ஒரு குறிப்பு. தொடர்பு எண்களுக்குள் 'ஏடிஎம் மாமா' என்று ஒரு போலிப் பெயர். தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி. கேலரியில் வங்கி அட்டையின் இரு பக்கப் படம், கூடவே அடையாள அட்டையும். படங்களைப் பார்க்க அனுமதி வாங்கிய எந்த ஆப்பும் இந்த அட்டைப் படங்களைப் பார்க்கலாம். கேலரியில் அட்டைப் படங்களைத் தேடி அழியுங்கள், 'டிராஷ்' பகுதியையும் காலி செய்யுங்கள். அங்கே அவை ஒரு மாதம் அளவுக்குக் காத்திருக்கும்.

கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை மின்னஞ்சலுக்குக் கட்டாயம் இயக்குங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட, 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்கத்தை மாற்றிக் காட்டும் ஆத்தெண்டிகேட்டர் ஆப் மேல். அதன் எண் சிம் வழியாக வருவதில்லை. 'பாஸ்கீ' என்று ஒன்று இப்போது பல இடங்களில் கேட்கிறதே, அதை ஏற்றுக்கொள்ளலாம். கடவுச்சொல்லே இல்லாமல் உங்கள் விரலையோ முகத்தையோ பூட்டு எண்ணையோ வைத்து நுழைவது அது. தட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் போலித் தளத்திடம் ஏமாந்து கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. கூகுள் பத்து மாற்று எண்களை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லும். அவற்றை அச்சிட்டோ எழுதியோ வீட்டில் வையுங்கள். போன் தொலைந்த அன்று உங்கள் கணக்குக்குள் நுழைய அவைதான் வழி.

கணக்கு மீட்புக்கு என்ன போன் நம்பர், என்ன மாற்று மின்னஞ்சல் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கைவிட்ட பழைய நம்பர் அங்கே இருந்தால் ஆபத்து. பயன்படுத்தாத நம்பரைச் சிறிது காலம் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் மீட்பு எண் அவர் கைக்குப் போகும்.

சிம்

இதை யாரும் செய்வதில்லை. போன் பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், சிம்மை உருவி வேறொரு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும். சிம்முக்கே ஒரு பூட்டு உண்டு. அதைப் போட்டால் ஒவ்வொரு முறை போனை அணைத்து இயக்கும்போதும், வேறு போனில் செருகும்போதும் எண் கேட்கும். செய்யும்போது வரிசை தவறக் கூடாது:

1. சிம் நிறுவனத்தின் தளத்திலோ சிம் வந்த அட்டையிலோ, ஆரம்ப சிம் பின் (சிம் பூட்டின் எண்) என்ன என்று முதலில் பாருங்கள். 1234, 0000 என்று இருப்பது வழக்கம், ஆனால் ஊகித்துத் தட்ட வேண்டாம்.
2. சிம் பூட்டிக்கொண்டால் திறக்க உதவும் எட்டு இலக்க பக் (PUK) எண்ணையும் அங்கேயே பார்த்து எழுதி வையுங்கள்.
3. ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதியில் 'சிம் லாக்'. ஐபோனில் 'மொபைல் டேட்டா' அல்லது 'செல்லுலார்' பகுதியில் 'சிம் பின்'. அதை இயக்கினால் ஆரம்ப எண்ணைக் கேட்கும்.
4. இயக்கிய கையோடு எண்ணை மாற்றுங்கள். போனின் பூட்டு எண்ணையே இதற்கும் போடாதீர்கள்.
5. போனை ஒரு முறை அணைத்து இயக்கி, கேட்கிறதா என்று பாருங்கள்.

மூன்று முறை தப்பினால் சிம் பூட்டிக்கொண்டு பக் எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் செத்தது, புதிதுதான் வாங்க வேண்டும். முதல் இரண்டு படிகளைத் தாண்டாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

சிம்மைத் தொடாமலே நம்பரைத் திருடும் முறையும் உண்டு. நீங்கள்தான் பேசுவதாக நிறுவனத்தை நம்பவைத்து, உங்கள் நம்பருக்கு வேறொரு சிம் வாங்கிவிடுவார்கள். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே அவருடைய நம்பரைக் கைப்பற்றித்தான் பிடிக்கப்பட்டது. எல்லோர் போனிலும் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று போய், மறுபடி இயக்கியும் வராவிட்டால் சும்மா இருக்காதீர்கள். வேறு போனிலிருந்து உடனே நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

ஆப் பூட்டுகள், போனைக் கை மாற்றுவது

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்று போய் ஆறு இலக்க எண் வையுங்கள், மறந்தால் மீட்க மின்னஞ்சலையும் சேருங்கள். யாராவது உங்களிடம் ஓடிபியைக் கேட்டு வாங்கிவிட்டாலும் இந்த எண் இல்லாமல் உங்கள் கணக்கை அவர் போனில் உடனே திறக்க முடியாது. வங்கி ஆப்பின் எண் போன் பூட்டு எண்ணாக இருக்கக் கூடாது. கொத்துச் சாவியை ஒரே ஆணியில் மாட்டிய கதைதான்.

சில ஆப்களை மட்டும் மறைத்துப் பூட்ட, ஆண்ட்ராய்டு 15-ல் 'பிரைவேட் ஸ்பேஸ்', சாம்சங்கில் 'செக்யூர் ஃபோல்டர்', ஐஓஎஸ் 18-ல் ஐகானை அழுத்திப் பிடித்தால் வரும் பூட்டு வசதி என்று போனுக்குள்ளேயே இருக்கின்றன. ஆப் ஸ்டோரிலிருந்து தனியாக இறக்கும் 'ஆப் லாக்' ஆப்கள் வேண்டாம். பூட்டுவதற்காக அவை கேட்கும் அனுமதிகள், திருடுவதற்கு ஒரு ஆப் கேட்கும் அனுமதிகளேதான்.

குழந்தைக்கு வீடியோ காட்டவோ, அறிமுகமில்லாதவருக்கு ஒரு அழைப்பு பேசவோ போனைக் கொடுக்க நேரும். ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்', ஐபோனில் 'கைடட் ஆக்ஸஸ்'. இவை அந்த ஓர் ஆப்பை விட்டு வெளியேற விடாது. முன்கூட்டியே ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள், போனை நீட்டிய கையோடு செட்டிங்ஸைத் துழாவிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது பூட்டு எண்ணை ரசீதில் எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். திரையோ பேட்டரியோ மாற்ற எண் தேவையில்லை. சோதிக்க வேண்டும் என்றால் சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோடு', பிக்சலில் 'ரிப்பேர் மோடு' உண்டு: உங்கள் படங்களும் செய்திகளும் கண்ணில் படாமல் போன் மட்டும் வேலை செய்யும். அது இல்லாத போன் என்றால் பேக்கப் எடுத்துத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், எண்ணைச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். திரும்பி வந்ததும் மாற்றுங்கள்.

தொலைவதற்கு முன்னும் பின்னும்

ஐபோனில் 'ஃபைண்ட் மை', ஆண்ட்ராய்டில் 'ஃபைண்ட் ஹப்' (முன்பு 'ஃபைண்ட் மை டிவைஸ்') இயங்குகிறதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள ஒரு கணினியிலோ வேறு போனிலோ உள்ளே நுழைந்து, உங்கள் போன் வரைபடத்தில் தெரிகிறதா என்று ஒரு தடவை சோதியுங்கள். சோதிக்கும்போது கூகுள் இரண்டாம் கட்ட எண்ணைக் கேட்கும். அது தொலைந்த போனுக்கே வரும்படி வைத்திருந்தீர்கள் என்றால் அது இப்போதே தெரிந்துவிடும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்) தாளில் குறித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

தொலைந்துவிட்டால் முதலில் போனைத் தொலைவிலிருந்து பூட்டி, 'தொலைந்தது' என்று குறியுங்கள். அடுத்து சிம் நிறுவனத்தை அழைத்து நம்பரை முடக்குங்கள். பிறகு வங்கி, அதன் பிறகு மின்னஞ்சல் கடவுச்சொல். திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தால் துடைக்கலாம். ஆனால் ஐபோனை உங்கள் கணக்கின் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். அது பட்டியலில் இருக்கும்வரை, 2013 முதல் இருக்கும் 'ஆக்டிவேஷன் லாக்' காரணமாக, துடைத்தாலும் வேறு யாரும் அதைப் புதுப் போன் போல இயக்க முடியாது.

அந்தப் பூட்டை உடைக்க முடியாதவர்கள் உங்களிடமே வருவார்கள். நாலைந்து நாள் கழித்து, புது சிம் வாங்கிப் போட்டபின், 'உங்கள் போன் கண்டுபிடிக்கப்பட்டது, இருப்பிடம் பார்க்க இங்கே நுழையவும்' என்று ஓர் இணைப்போடு செய்தி வரும். பார்க்க அச்சு அசலாக இருக்கும், போன் மாடலையும் சரியாகச் சொல்லும். அதைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். இருப்பிடம் பார்க்க வேண்டும் என்றால், நீங்கள் முன்பு சோதித்துப் பார்த்த அதே இடத்துக்கு நீங்களாகவே போய்ப் பாருங்கள். புது சிம்முக்கு சிம் பின் போட்டாயிற்றா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழையதில் போட்டது இதற்கு வராது.